கைப்பிடி அரிசியும் பயனாளிப் பட்டியலும்



இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவை எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். உரை முழுவதும் 'நாங்கள்' என்றே பேசப்போகிறோம். எழுதியது ஒரு கை என்றாலும் இதற்குள் இருப்பது சேரிச் சபைகளிலும் காலனிக் கோயில்களிலும் வளர்ந்த பலருடைய பேச்சு. யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அவர் மிஷன் போர்டிங்கில் படித்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். போர்டிங் கஞ்சியைக் கடைசிவரை புகழ்ந்தார். அந்தக் கஞ்சிக்காக வருடா வருடம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த நன்றிக் கடிதத்தை அதே மூச்சில் ஏசினார். புகழ்ச்சியையும் ஏச்சையும் பிரிக்காமல் பேசிப் பார்க்கலாம் என்றுதான் உள்ளூர்த் திருச்சபையின் உதவிப் பணிகள் என்ற பொருளை எடுத்துக்கொண்டோம்.

உதவிப் பணி என்றால் நீங்கள் அன்றாடம் பார்ப்பவைதான். முதியோருக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி, விதவைகளுக்கு ஒரு சிறு தொகை, மாலை நேரப் படிப்பு, கண் சிகிச்சை முகாம், பள்ளி திறந்தால் நோட்டுப் புத்தகம், வெள்ளம் வந்தால் சாப்பாட்டுப் பொட்டலம், கிறிஸ்துமஸுக்கு ஒரு புடவை. கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையார் வாரந்தோறும் கூடி, தங்களுக்குள் காசு போட்டு, ஏழை வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்த்து வருவார்கள். சி.எஸ்.ஐ. சேகரங்களில் பெண்கள் ஐக்கிய சங்கம் அந்த வேலையைச் செய்யும். இவை எதுவும் சின்ன வேலை இல்லை. அரசு அலுவலகம் பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் ஒரே கட்டடம் எங்கள் தெருக்கோயில்தான் என்ற ஊர்கள் இன்றும் உண்டு.

இதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே இரண்டு பழைய பதில்கள் வந்து நிற்கும். திருச்சபை இல்லையென்றால் நீங்கள் ஏது, நன்றியோடு இருங்கள் என்பது ஒன்று. அரிசிக்கும் பால்மாவுக்கும் மதம் மாறியவர்கள்தானே நீங்கள் என்பது மற்றொன்று. முதலாவதைச் சபைக்குள் இருப்பவர்கள் சொல்கிறார்கள், இரண்டாவதை வெளியே இருந்து நம்மை வெறுப்பவர்கள் சொல்கிறார்கள். ஒருவரையொருவர் பகைக்கும் இந்த இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். இருவர் சொல்லும் கதையிலும் தலித் என்பவர் கையேந்தி நிற்பவர், கொடுக்கிறவர் வேறு எங்கிருந்தோ வருகிறார். வரலாறு அப்படி இல்லை.

தென் திருவிதாங்கூரில் புராட்டஸ்டன்ட் சபை எப்படி வந்தது என்று கேட்டால் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரியின் பெயரைச் சொல்வார்கள். அவர் மயிலாடிக்கு வந்தது 1806இல். வரவழைத்தவர் மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம், சாம்பவர் குலத்தவர். சிதம்பர யாத்திரை போனவர் தஞ்சாவூரில் சபையைக் கண்டு, அங்கே ஞானஸ்நானம் பெற்று, ஊர் திரும்பி, நிலக்காரர்களின் துன்புறுத்தலைத் தாங்கி, எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டுப் போராடி அழைத்துவந்தார். 1816இல் ரிங்கல்தௌபே ஊரைவிட்டுப் போனபோது சபைகளின் பொறுப்பு வேதமாணிக்கத்தின் கையில்தான் இருந்தது. ஓங்கோல் பக்கம் மாதிகர்களிடையே நடந்த பெரிய இயக்கமும் இப்படித்தான் தொடங்கியது. எர்ரகுண்ட்ல பேரையா என்ற மாதிகர், தோல் வணிகத்துக்காக ஊர் ஊராக நடந்தவர், மிஷனரியைத் தேடி அவரே வந்தார். பஞ்சாபில் 1873இல் தித் என்ற சூஹ்ரா சாதிக்காரர், அவரும் தோல் வாங்கி விற்றவர், மிஷனரியிடம் ஞானஸ்நானம் கேட்டு வந்து நின்றார். வந்தவர்களின் பெயர்கள் நம் ஞாயிறு பள்ளிப் பாடங்களில் ஏன் அடிக்குறிப்பாகக்கூட இல்லை என்பதை மாணவர்கள் யோசிக்க வேண்டும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாதுவருஷப் பஞ்சத்துக்கு வருவோம். 'அரிசிக் கிறிஸ்தவர்' என்ற ஏச்சு அந்தப் பஞ்சத்தையே சாட்சிக்கு அழைக்கும். ஓங்கோலில் ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்திஸ்து மிஷனரி என்ன செய்தார் என்று பாருங்கள். பக்கிங்ஹாம் கால்வாயில் ஏறத்தாழ மூன்றரை மைல் நீளத்தைத் தோண்டும் ஒப்பந்தத்தை அரசிடமிருந்து எடுத்தார். மிஷனரியாக வருமுன் நில அளவை வேலை பார்த்தவர் அவர், அது கைகொடுத்தது. மற்ற நிவாரண முகாம்களில் தலித்துகள் மேஸ்திரிகளிடம் அடியும் வசையும் வாங்கிக்கொண்டிருக்க, இங்கே மாதிக உபதேசியார்களே மேற்பார்வை பார்த்தார்கள், கூலி முழுதாகக் கைக்கு வந்தது. நிவாரண வேலை நடந்த மாதங்களில் ஞானஸ்நானம் கொடுப்பதை கிளவ் நிறுத்தியே வைத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக் கூடாது என்பதற்காக. நிவாரணம் முடிந்தபின் மக்கள் கலைந்து போயிருக்க வேண்டுமல்லவா? போகவில்லை. 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றங்கரையில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

அரிசி தீர்ந்த பிறகும் அவர்கள் ஏன் வந்தார்கள்? அடிக்காத மேஸ்திரியை, முழுக் கூலியை, தன் சாதிக்காரன் கணக்கெழுதும் காட்சியை அவர்கள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்திருந்தார்கள் என்பதே எங்கள் பதில்.

செங்கல்பட்டில் கதை இன்னும் கூர்மையாகிறது. அங்கே சேரி மக்களுக்குக் குடிசை போட்டிருந்த மனைகூடச் சொந்தமில்லை. தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் முந்துரிமை மிராசுதாரருக்கு. வில்லியம் கௌடி, ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளிடம் மக்கள் கொண்டுவந்த கோரிக்கை பெரும்பாலும் இதைப் பற்றியது. மனு எழுதித் தருவாயா? கச்சேரிக்குக் கூட வருவாயா? பறையர்களை முன்வைத்து ரூபா விஸ்வநாத் எழுதி 2014இல் வெளிவந்த ஆய்வு நூல், மிஷனரிகள் நம்மைத் தேடி வந்ததைவிட நாம் அவர்களைத் தேடிப்போய் வேலை வாங்கியதே அதிகம் என்பதை ஆவணங்களோடு காட்டுகிறது. அந்த மனுக்களின் நெருக்கடியோடு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும் சேர்ந்து, 1892 செப்டம்பர் 30 அரசாணைக்கு வழிவிட்டது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அதன் வழியே வந்த நிலம். ஒரு உள்ளூர்ச் சபையின் உதவிப் பணி இதைவிட உயரத்துக்குப் போனதாக எங்களுக்குத் தெரியவில்லை. கஞ்சித் தொட்டி வைத்தவர்கள் பலர் இருந்தார்கள். மனு எழுதியவர்கள்தான் நிலத்துக்கு வழி செய்தார்கள்.

அந்த நிலம் கைமாறிப் போன கதையை இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். அதை மீட்கச் செங்கல்பட்டில் 1994 அக்டோபர் 10 அன்று திரண்ட காரணை மக்கள்மீது போலீஸ் சுட்டதில் இறந்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. ஒரு பெயர் வேதாகமத்திலிருந்து வந்தது, ஒரு பெயர் திருமலையிலிருந்து. துப்பாக்கி பெயர் கேட்டுச் சுடவில்லை. ஆனால் அரசாங்கத்தின் சாதிச் சான்றிதழ் பெயர் கேட்கும். அதற்குப் பிறகு வருகிறோம்.

கொடுக்கிறவர் யார் என்ற கேள்வியை வீட்டு அடுப்படியிலிருந்தும் கேட்கலாம். திருநெல்வேலிச் சீமையில் கைப்பிடி அரிசி என்றொரு வழக்கம் உண்டு, வேறு ஊர்களிலும் இருந்திருக்கிறது. உலையில் அரிசி போடுமுன் வீட்டுப் பெண் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். வாரக் கடைசியில் அந்த அரிசி கோயிலுக்குப் போகும். அதை விற்ற காசில் உபதேசியாருக்குச் சம்பளம், நோயாளிக்கு உதவி, கோயில் கூரைக்கு ஓலை. அன்றைய கூலியே இரண்டு படி நெல் என்றால் அதில் ஒரு கைப்பிடி என்ன கணக்கு என்று பாருங்கள். வயிறு நிறைந்தவர் வீட்டில் அந்தக் கைப்பிடி குறைந்தது தெரியாது. எங்கள் வீடுகளில் அது கடைசியாகச் சாப்பிடுகிறவளின் பங்கு, அதாவது கைப்பிடி எடுத்துப் போட்டவளின் பங்கு.

வேதத்தில் ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத ஆள் இல்லை. எங்கள் சேரிச் சபைகளின் உண்மையான நிதி வரலாறு அந்தக் கலயத்தில்தான் இருக்கிறது. வெளிநாட்டுப் பணத்துக்கு ரசீது உண்டு, அறிக்கை உண்டு, கல்வெட்டு உண்டு. கைப்பிடி அரிசிக்கு எதுவும் இல்லை. நூற்றாண்டு மலர்களைப் புரட்டுங்கள். நிலம் தந்த தனவந்தர் படம் இருக்கும், மணி வாங்கித் தந்தவர் படம் இருக்கும். கலயம் வைத்த பெண்களின் படம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அசனப் பந்தியும் அதே மண்ணில் விளைந்ததுதான். பண்டிகை நாளில் வீடு வீடாக அரிசி, ஆடு, தேங்காய், காய்கறி சேர்த்து, கோயில் வளாகத்தில் பெரிய அண்டாக்களில் சமைத்து ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிட வருகிறவர் எந்த மதம், எந்த ஊர் என்று கேட்பதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். அது பெருமைக்குரியதுதான். கூடவே வேறொன்றையும் பார்க்கச் சொல்கிறோம். வெங்காயம் உரிப்பவர் யார், கரண்டி பிடிப்பவர் யார், முதல் பந்தியில் உட்காருபவர் யார், எச்சில் இலை எடுப்பவர் யார்? இந்த நான்குக்கும் நான்கு தெருக்கள் பதிலாக வரும் ஊர்கள் இருக்கின்றன. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005இல் மறைந்த, பரட்டை என்று நாம் அன்போடு அழைக்கும் தியாபிலஸ் அப்பாவு, 'ஒரே உலை' என்று பேசியதும் பாடியதும் இதைத்தான். ஆளுக்கொரு பொட்டலம் என்பது அவருக்குப் போதவில்லை. அவரவர் கொண்டுவந்ததை ஒரே பானையில் போட்டுப் பொங்கி, அதை எல்லோரும் தின்பதை அவர் இறையியலாக்கினார். பறையும் நாட்டுப்புற மெட்டும் வழிபாட்டுக்குள் வந்தது அந்த அடுப்பின் தொடர்ச்சி.

இனி போர்டிங். இங்கே கொஞ்ச நேரம் தங்கத்தான் வேண்டும். எங்களில் பலருக்கு முதல் டிரங்குப் பெட்டி, முதல் பாய், மின்விளக்கின் கீழ் முதல் வாசிப்பு, எல்லாம் அங்கே. ஊரில் வாத்தியார் நம்மைக் கடைசி வரிசையில் உட்காரவைத்த காலத்தில், போர்டிங்கில் வார்டன் ஐயா மணியடித்து எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துக் கேப்பைக் கஞ்சி ஊற்றினார். பண்ணைக்கு ஆடு மேய்க்கப் போயிருக்க வேண்டிய பிள்ளை எட்டாவது முடித்து டீச்சர் டிரெயினிங் போனது. ஒரு தலைமுறையின் தலித் ஆசிரியர்கள், செவிலியர்கள், எழுத்தாளர்களில் பெரும்பகுதி இந்தக் கூடங்களிலிருந்து வந்தது. இதை மறைத்துப் பேசுகிறவரோடு நமக்கு உடன்பாடு இல்லை.

போர்டிங்கை நடத்திய பணத்தில் ஒரு பகுதி வெளிநாட்டுப் புரவலர்களிடமிருந்து வந்தது. 1959இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட கிண்டர்நோட்ஹில்பே இந்தியக் குழந்தைகளுக்கு உதவுவதற்கென்றே பிறந்த அமைப்பு. ஒரு குழந்தைக்கு ஒரு புரவலர். வருடத்துக்கு ஒருமுறை படம் எடுப்பார்கள். கரும்பலகையில் எழுதிப்போட்ட கடிதத்தைப் பார்த்து எழுத வேண்டும். அன்புள்ள அம்மா, நான் நலம், நீங்கள் அனுப்பிய பணத்தில் நன்றாகப் படிக்கிறேன். நாற்பது பிள்ளைகளும் ஒரே கடிதம். அந்தக் கடிதத்தில் எழுத இடமில்லாதவை என்னென்ன என்று ஒரு பட்டியல் போடலாம். அப்பா ஏன் ஏழை, நிலம் யாரிடம் இருக்கிறது, ஊர்க் கிணற்றில் ஏன் தண்ணீர் எடுக்க முடியாது. அனுப்பியவர்களின் மனசாட்சியை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர்களில் பலர் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து அனுப்பிய பாட்டிமார்கள். இடையில் இருந்த நிர்வாகம்தான் சாதி என்ற சொல்லை வறுமை என்று மொழிபெயர்த்து அனுப்பியது. வறுமைக்குப் பணம் வரும். சாதி என்று எழுதினால், உங்கள் சபைக்குள் அது இருக்கிறதா என்று பதில் கேள்வி வரும்.

இன்று அந்தப் பணமும் வற்றிவிட்டது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், ஓர் அமைப்பு பெற்ற நன்கொடையை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதையே தடைசெய்தது. நிர்வாகச் செலவின் வரம்பை ஐம்பது சதவீதத்திலிருந்து இருபதாகக் குறைத்தது. சிறிய விடுதிகளுக்கு இது கழுத்தை நெரிக்கும் கயிறு, இதில் அரசைக் கண்டிக்கிறோம். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். போர்டிங்கைப் பூட்டிய அதே வளாகத்தில் ஆங்கிலப் பள்ளியும் சுயநிதிக் கல்லூரியும் எழுந்ததை நாங்கள் பார்த்தோம். விடுதி இருந்த இடத்தில் பேருந்து நிறுத்துமிடம். மாணவர் சேர்க்கையின்போது நன்கொடை கேட்கப்படுகிறது, உதவிப் பணிக்கு டிசம்பரில் ஒரு வாரம் ஒதுக்கப்படுகிறது. யாருடைய பெயரில் அந்த நிலம் ஒரு காலத்தில் வாங்கப்பட்டதோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வாசலில் காவலாளியாக நிற்கிறார்கள்.

பயனாளிப் பட்டியல் என்பது அப்பாவித் தாள் என்று நினைக்காதீர்கள். 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் கரையில் நிவாரணம் மீனவர் பட்டியலை வைத்தே நகர்ந்தது. படகு இழந்தவருக்குப் படகு, வலை இழந்தவருக்கு வலை. மீன் சுமந்தவருக்கும் உப்பளத்தில் கூலி செய்தவருக்கும் கழிமுகத்தில் நண்டு பொறுக்கியவருக்கும் இழந்ததாகக் காட்ட ஒரு பொருளும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். முகாம்களிலேயே தண்ணீருக்கும் தங்குமிடத்துக்கும் தள்ளிவைக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. தொண்டு நிறுவனங்கள் அரசின் பட்டியலை அப்படியே வாங்கி வேலை செய்தன. கெட்ட எண்ணம் தேவையில்லை. பழைய பட்டியல் போதும்.

சின்ன அளவில் ஒரு சேகரத்தில் கண்டதைச் சொல்கிறோம், ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே ஆதரவற்ற விதவைகளுக்கு மாத அரிசி தருகிறார்கள். பட்டியலில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் காலனிக்காரர்கள். பட்டியல் போட்ட கமிட்டியில் காலனியிலிருந்து ஒருவரும் இல்லை. ஆராதனை முடிந்ததும் மைக்கில் பெயர் கூப்பிட்டு, பதாகைக்கு முன் நிற்கவைத்து, படம் எடுத்து, பையைக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று மாதத்தில் சிலர் வராமல் நின்றுவிட்டார்கள். வராதவர்களுக்குத் தேவை இல்லை போலும் என்று கமிட்டி அவர்கள் பெயரை அடித்துவிட்டது. நாங்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். அரிசி வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மைக்கில் பேர் வேண்டாம் என்றார்கள். அதில் ஒருவர், சிறுவயதில் தன் தாய் கைப்பிடி அரிசி கொண்டுபோகும்போது கூடவே கோயிலுக்கு நடந்ததை நினைவில் வைத்திருந்தார். அன்று அதை யாரும் மைக்கில் சொல்லவில்லையே என்று கேட்டார்.

இப்போது சாதிச் சான்றிதழுக்கு வருகிறோம். 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதத்திலிருந்து வேறான மதத்தைப் பின்பற்றும் எவரும் அட்டவணைச் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவத் தலித்துகளுக்கும் முஸ்லிம் தலித்துகளுக்கும் இன்னும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கல்வி உதவித்தொகையில் எஸ்.சி.சி. என்று ஒரு தனிக் கட்டம் உண்டு, அந்த மட்டுக்கு மாநில அரசு தோள் கொடுக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை, தனித்தொகுதியில் நிற்கும் உரிமை இல்லை. தெருவில் அடிக்கிறவன் சான்றிதழ் கேட்டு அடிப்பதில்லை.

மாணவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டிய ஒரு வழக்கு சூசை எதிர் இந்திய அரசு, 1985. சூசை ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. சென்னையில் தெருவோரம் உட்கார்ந்து தொழில் செய்தவர். அப்படித் தெருவோரம் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே தொழில், அதே தெரு, அதே சாதி. பக்கத்தில் இருந்தவருக்குக் கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை, அவர் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். உச்சநீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, புதிய சமயத்துக்குள்ளும் அதே கடுமையோடு அந்த இழிவுகள் தொடர்கின்றன என்று நிறுவ வேண்டும், அதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்று சொல்லி நீதிமன்றம் மனுவைத் தள்ளியது.

போதிய சான்று இல்லையாம். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குக் குறுக்கே ஒரு சுவர் நிற்கிறது. பிணங்களைச் சாதி பார்த்துப் பிரிக்கும் சுவர். சான்று செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டி நிறுத்தப்பட்டிருந்தது. அதை நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டியவர்கள் சுவருக்கு எந்தப் பக்கம் புதைக்கப்படப்போகிறவர்கள் என்பதுதான் பிரச்சினை. விழுப்புரம் மாவட்டம் இறையூரில் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர் கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் நடந்த மோதலும், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். பாமா தன் 'கருக்கு' நூலை 1992இல் வெளியிட்டபோது, துறவு மடத்துக்குள் சாதி இருந்ததை எழுதினார் என்பதற்காகவே சங்கடப்பட்டவர்கள் உண்டு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித்துகளுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை 2016 டிசம்பரில் வெளியிட்டது. சாதி திருச்சபைக்குள் இருக்கிறது, அது பாவம் என்று அதில் ஏற்றுக்கொண்டார்கள். கருக்கு வந்து இருபத்து நான்கு வருடம் கழித்து.

இந்தச் சட்ட நிலைக்கும் அரிசிப் பைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அரசின் உதவிக் கதவு ஒருவருக்குப் பாதி மூடியிருந்தால், அவர் சபையின் கதவையே நம்பியிருக்க வேண்டும். வேறு போக்கிடம் இல்லாதவருக்குக் கொடுப்பது எளிது, அவர் கேள்வி கேட்க மாட்டார். ஒவ்வொரு ஆகஸ்ட் 10 அன்றும் கறுப்பு நாள் கடைப்பிடிக்கிறோம். மூன்றாவது பத்தியை நீக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் வந்தது. ஆயர்களும் பேராயர்களும் நம்மோடு தெருவில் நிற்கிறார்கள், வரவேற்கிறோம். அன்று மாலை திரும்பிப் போய்த் தங்கள் கல்லூரிப் பணி நியமனப் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். அங்கே இட ஒதுக்கீடு தர எந்தப் பத்தியையும் நீக்கத் தேவையில்லை. ஒரு தீர்மானம் போதும்.

எல்லாச் சபைகளும் இப்படித்தான் என்று முடித்துவிட்டால் அது சோம்பேறித்தனம். தூய்மைப் பணியாளர் குடியிருப்பு ஒன்றில் இருக்கும் சின்ன சபை ஒன்றை எங்களுக்குத் தெரியும். ஆயருக்கு மோட்டார் சைக்கிள்கூடக் கிடையாது. உதவிக் கமிட்டியில் பாதிப்பேர் அந்தக் குடியிருப்புப் பெண்கள். யாருக்கு இந்த மாதம் தேவை என்பது அவர்களுக்கு முன்பே தெரியும், பட்டியல் சுவரில் ஒட்டப்படுவதில்லை, வரவு செலவு மட்டும் ஒட்டப்படுகிறது. பை இரவில் வீட்டுக்குப் போகிறது. அரிசிக்குச் செலவிடும் அதே அளவு நேரத்தை அவர்கள் வேறு வேலைகளுக்குச் செலவிடுகிறார்கள். ஒப்பந்ததாரர் வருங்கால வைப்பு நிதியைக் கட்டுகிறாரா என்று பார்ப்பது, பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க வட்டாட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நிற்பது, சாக்கடைக்குள் இறங்கச் சொன்னால் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி மறுக்கச் சொல்லிக் கொடுப்பது. கௌடி காலத்து மனு வேலை இங்கே உயிரோடு இருக்கிறது. மனு எழுதுகிறவர் இப்போது பன்னிரண்டாவது படித்த ஒரு பெண்.

அந்தச் சபையில் இந்து வீடுகளுக்கும் பை போகிறதா என்று ஒரு தோழர் கேட்டார். போகிறது. அதைச் சொல்லிக்கொள்வதில்லை, ஏனென்றால் சொன்னால் மதமாற்றம் என்று ஒரு கூட்டம் வரும், சொல்லாவிட்டால் தன் மதத்துக்கு மட்டும் செய்கிறார்கள் என்று இன்னொரு கூட்டம் வரும். நடுவில் பசிக்கும் வீடு காத்திருக்க முடியாது.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பழைய பதிவேடுகள் பலவற்றில் தொழிலும் சாதியும் எழுதப்பட்டிருக்கும். போர்டிங் சேர்க்கைப் பதிவேடு இருந்தால் இன்னும் நல்லது, கரையான் தின்னுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சபைக் கணக்குப் புத்தகத்தில் 'கைப்பிடி அரிசி விற்ற வகையில்' என்பதுபோல ஒரு வரவு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வரியைக் கண்டால், அந்த வருடத்தில் கலயம் வைத்திருந்த வீடுகள் எவை என்று தெருவில் இருக்கும் வயதான பெண்களிடம் போய்க் கேளுங்கள். பெயர்களை எழுதுங்கள், தெருவோடு, தகப்பன் பெயரோடு மட்டுமின்றித் தாய் பெயரோடும். அடுத்த ஆண்டு இதே மேடைக்கு அந்தப் பெயர்களைக் கொண்டுவாருங்கள். அவற்றை அச்சிடுவதற்கான தாள் செலவை அரங்கம் ஏற்றுக்கொள்ளும் என்று செயலாளரிடம் முன்பே பேசிவிட்டோம்.